படிக்கட்டின் மேல் ஒரு நேர்ச்சை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டைத் திட்டுவார்கள். போகும்போது மூச்சு வாங்கிக்கொண்டு திட்டுவார்கள். கண்டி மலைச்சரிவில், எங்கள் மடவளைப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதை மேலே, வீடு கீழே. நடுவில் வாப்பா காலத்தில் கட்டிய கருங்கல் படிக்கட்டு. எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். என் முதுகெலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும், ஆனால் அதைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கே சலித்துவிட்டது.

விழுந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டுக்குக் கீழே எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. மிளகு, சாதிக்காய், சில கராம்பு மரங்கள். அந்த வருடம் கராம்பு பறிக்க வர வேண்டியவர் வரவில்லை. மொட்டு விரிந்துவிட்டால் சரக்குக் கெட்டுப்போகும் என்று உம்மா காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கட்டுகஸ்தோட்டையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன். மரம் ஏறுவது என் தொழில் இல்லை. கராம்புக் கொப்பு பிஸ்கட் மாதிரி முறியும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே ஏறினேன். கொப்பு முறிந்தது. கீழே வேலிக்கு அடுக்கியிருந்த கல்லின் மேல் முதுகு பட விழுந்தேன். வலித்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லாதது போல இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தேன். கம்பி வைத்தார்கள், தைத்தார்கள், சில்லு வைத்த கதிரையில் உட்கார வைத்தார்கள். அங்கே எனக்குப் பயிற்சி தந்த இளம்பெண் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து படித்து வந்தவர். வாயாடி. நான் நரம்பு, மூலக்கூறு, ஆராய்ச்சி என்று ஏதாவது தொடங்கினால் என் கையில் பாரத்தைத் திணிப்பார்.

"சேர், அதெல்லாம் அவங்க கண்டுபிடிக்கட்டும். நீங்க கைய தூக்குங்க. கை தானே இனி உங்களுக்கு காலு."

போகும் நாளில் வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் படிக்கட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயையோ. சேர், மொதல்ல அந்த படிய ஒடச்சி சாய்வா ஒரு பாத போடுங்க. சொல்லிட்டேன். இல்லாட்டி வீட்டுக்குள்ளயே கெடந்துடுவீங்க."

அவர் சொன்னது போலவே நடந்தது.

நாலு பேர் தூக்கி இறக்கிய கதிரையோடு வீட்டுக்கு வந்தேன். நடந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சு ஒன்று அந்த மாதமே படியேறிப் போய்விட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் வகுப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே உம்மாவும் கேட்பார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பாடத்துக்கு நடுவில் கேள்வி கேட்க வேண்டும் என்றால் கரண்டியால் கதவைத் தட்டுவார். போனுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிப்பது கேட்கும்.

ஒரு நாள் நரம்புத் தொகுதி பாடம். பாடத்திட்டத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பாடத்தில் எனக்கு நாக்கு நீளம், காரணம் உங்களுக்கே தெரியும். கையில், காலில் ஓடும் நரம்பு அறுந்தால் மெதுவாக மறுபடி வளரும். அங்கே இருக்கும் துணைக் கலங்கள், அதாவது செல்கள், குப்பையை அள்ளிவிட்டு, இந்தப் பக்கம் வா என்று கூப்பிடும் மூலக்கூறுகளைச் சுரக்கும். முண்ணாணில், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டில், கதை வேறு. அங்கே நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையிலேயே சில புரதங்கள் இருக்கின்றன. அறுந்த நுனி மெல்ல நீளப் பார்க்கும்போது அந்தப் புரதம் நுனியில் செய்தியைப் பிடிக்க இருக்கும் வாங்கியில் போய் ஒட்டும். ஒட்டியதும் கலத்துக்குள் ஒரு செய்தி போகும்: வளராதே, நில். நுனி சுருங்கிவிடும். இது போதாதென்று, காயத்தைச் சுற்றி வேறு கலங்கள் கூடி வடு கட்டும். அது கெட்ட எண்ணத்தில் கட்டுவதில்லை. காயம் பக்கத்து இடங்களுக்குப் பரவாமல் காப்பாற்றத்தான் கட்டுகிறது. காப்பாற்றிய கையோடு வழியையும் அடைத்துவிடுகிறது.

வகுப்பு முடிந்ததும் உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"மகன், அப்ப நரம்புக்கு வளர ஏலாம இல்ல. வளர வேணாம் எண்டு ஒண்டு சொல்றதாலதான் நிக்கிது. அப்பிடித்தானே?"

"ஓ உம்மா."

"அந்தச் சொல்ற வாய மூடினா?"

அசந்துபோனேன். உலகத்தில் எத்தனையோ ஆய்வுகூடங்களில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர் வெங்காயத்தோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எலியில மூடிப் பாத்தீக்காங்க உம்மா. கொஞ்சம் வளந்தீக்கு. சில எலி கொஞ்சம் நடந்தும் ஈக்கு."

"மனுசனுக்கு?"

"இன்னம் இல்ல. பாத்துக்கிட்டு ஈக்காங்க."

"இன்னம் எண்டுதானே சொல்ற. இல்லவே இல்ல எண்டு சொல்லல்லியே."

மறுநாள் மீன் பொரிக்கும்போது, சில வகை மீனுக்கு முண்ணாண் அறுந்தாலும் தானாகவே ஒட்டி வளரும் என்று ஏதோ பேச்சில் சொல்லிவிட்டேன். அகப்பையில் இருந்த மீனைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் சாளைக்குமா?"

"சாளைக்குத் தெரியா உம்மா. அது வேற மீன்."

"எந்த மீனாயிருந்தா என்ன. மீனுக்குக் குடுத்த றப்பு என்ட புள்ளைக்குக் குடுக்க மாட்டானா?"

அந்த வெள்ளிக்கிழமைதான் நேர்ச்சை வைத்தார். நேர்ச்சை என்றால் பொதுவாக, என் பிள்ளைக்குச் சுகம் வந்தால் இன்னது கொடுப்பேன் என்று நேருவார்கள். உம்மா அப்படிப் பொத்தாம்பொதுவாக நேருகிறவர் இல்லை. என் மகன் இந்தப் படியில், தன் சொந்தக் காலால் ஏறிப் பள்ளிக்குப் போய் ஜும்ஆ தொழும் நாளில், கிடா அறுத்து ஊருக்குக் கந்தூரி கொடுப்பேன் என்று நேர்ந்தார். இந்தப் படியில். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அந்தச் சொல்தான் எங்கள் எல்லோரையும் கட்டிப் போட்டது.

நானா, என் மூத்த சகோதரர், மடவளை பஸாரில் சிறிய சாமான் கடை வைத்திருப்பவர். உம்மாவின் ஆய்க்கினை தாங்காமல் எங்கிருந்தோ ஒரு கிடாக்குட்டியைக் கொண்டுவந்து கட்டினார். அது கட்டிப் போட்டால் நிற்கிற சாதி இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தப் படியில் மேலே ஓடும், கீழே ஓடும், நடுவில் நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கத்தும். எனக்கு முன்னால், எனக்காக நேர்ந்த ஆடு, நான் ஏற வேண்டிய படியில் நாள் முழுக்க ஏறி இறங்கியது. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். "அதப் புடிச்சிக் கட்டுங்க உம்மா" என்று கத்துவேன். "பாவம், ஒனக்கு வழி காட்டுது" என்பார்.

கொஞ்ச நாளில் என் கால் துள்ளத் தொடங்கியது. விரிப்பு உரசினால் போதும், முழங்கால் தானாக மடங்கித் துள்ளும். உம்மா அதைக் கண்ட அன்று வீடே பெருநாள் வீடு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வட்டிலப்பம் போனது. அது மூளையிலிருந்து வந்த கட்டளை இல்லை, அறுந்த இடத்துக்குக் கீழே முண்ணாண் தன்பாட்டில் செய்கிற வேலை, இதற்கும் நரம்பு வளர்வதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் வட்டிலப்பத்தில் எனக்கும் ஒரு துண்டு வைத்தார், நானும் சாப்பிட்டேன். அந்த இரவு விரிப்பை வேண்டுமென்றே காலில் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானாதான் முதலில் விழித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் நூல் பிடித்து அளந்து பார்த்தார். படிக்கட்டில் மேல் பாதியை உடைக்க வேண்டும், படியோரத்து மிளகுக் கொடிக்குப் பின்னால் வளைத்து இரண்டு திருப்பம் வைத்தால் கதிரை ஏறும், இரண்டாவது திருப்பத்தில் மட்டும் ஒரு ஆள் பின்னால் தள்ள வேண்டும் என்றார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதைக்குப் போகலாம். அங்கிருந்து த்ரீவீலில் கட்டுகஸ்தோட்டைக்கு, என் வகுப்புக்கு, கரும்பலகைக்குப் போகலாம்.

உம்மா வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். பாஸின் நூல் அவர் மடியில் கிடந்தது.

"இந்தப் படிய ஒடச்சா என்ட நேர்ச்ச என்னாவுற? எந்தப் படியால ஏறுற?"

"உம்மா, நேர்ச்ச அல்லாஹ்வுக்கு. படிக்கு இல்ல" என்றார் நானா.

"வீல்செயாருக்குப் பாத போடுறதெண்டா, என்ட புள்ள இனி நடக்க மாட்டான் எண்டு நாங்களே வாயால சொல்ற மாதிரி. நான் உசுரோட ஈக்கக்குள்ள அது நடக்காது."

இதை வெளியூர்க்காரர்கள் பைத்தியம் என்பார்கள். எங்கள் வீடு பிள்ளை பிறக்க முந்தித் தொட்டில் வாங்காத வீடு. ஒரு சின்னச் சட்டைகூடத் தைக்க மாட்டார்கள். நல்லதுக்கே முந்திக்கொண்டு ஆயத்தம் செய்யப் பயப்படுகிறவர்கள் கெட்டதுக்கு ஆயத்தம் செய்வார்களா? வீல்செயாருக்குப் பாதை போட்டால் வீல்செயார் வீட்டில் நிரந்தரமாகிவிடும். உம்மாவின் கணக்கு அதுதான்.

நானா என் ஜன்னலைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு."

உம்மாவும் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் பொறுப்போம் நானா" என்றேன். உம்மாவின் மனம் நோகக் கூடாது என்று சொன்னதாகத்தான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மறுபாதி, நானும் காத்திருந்தேன். எலியைப் பற்றிப் புதிதாக ஏதாவது வருகிறதா என்று விடியற்காலையில் போனைத் தடவிக்கொண்டிருந்தவன் நான். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். பாவம், நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நம்பிக்கை ஊட்டிக்கொண்டே கிடந்தோம்.

பாஸ் நூலைச் சுற்றிக்கொண்டு போனார்.

அதன் பிறகு வருடங்கள் போயின. பெருநாள் தொழுகைக்கும் கிளினிக்குக்கும் மட்டும் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒருவர் வியர்வை என் முகத்தில் சொட்டும். "மாஸ்டர் கனத்துப் போயிட்டார், உம்மாட சோத்த கொஞ்சம் கொறைங்க" என்று பகிடி விடுவார்கள். அன்பான பகிடிதான். இருந்தாலும் ஒருவர் கால் வழுக்கினால் அஞ்சு பேரும் சாவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓதுவேன். போகப் போகத் தூக்கக் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். பிறகு கிளினிக்குக்கும் ஏதாவது சாட்டுச் சொல்லத் தொடங்கினேன். புட்டத்தில் புண் வந்து கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது அந்தத் தெல்தோட்டைப் பெண்ணைக் கண்டேன்.

"சேர், படி என்னாச்சு?"

"இருக்கு" என்றேன்.

அவர் பழையபடி என் கையில் பாரத்தைத் திணித்தார். வாயாடி பேசாமல் இருந்தால் அது திட்டுவதைவிட மோசம்.

உம்மா ஒரு விடியற்காலை, சுபஹு நேரத்தில் மௌத்தானார். முந்தின நாள் நெஞ்சு எரிகிறது என்றார், சோடா குடித்தார். தொழுத பாயிலேயே சாய்ந்துவிட்டார். என் கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தப் பாய் தெரியும். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், எழும்பவில்லை. என்னால் அங்கே போய்த் தொடக்கூட முடியவில்லை. நானாவுக்குப் போன் பண்ணினேன். அவர் படியில் ஓடி வரும் சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

எங்களில் தாமதிக்க மாட்டார்கள். அன்று பின்னேரமே அஸருக்குத் தொழுது அடக்குவதென்று முடிவானது. மத்தியானத்திலிருந்து மழை. வீடு நிறையப் பெண்கள், வெளியே குடைகள், படி முழுக்க ஆண்கள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு, சந்தூக்கில் வைத்தார்கள். ஊரில் ஜனாஸா தூக்கும் அந்தக் கட்டிலைத்தான் நாங்கள் சந்தூக் என்போம். என்னைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் பார்த்தேன். நெற்றியில் முத்தம் வைத்தேன், அதற்கும் நானா என் முதுகைப் பிடித்துக் குனிய வைக்க வேண்டியிருந்தது.

படி நனைந்து வழுக்கியது. சந்தூக்கும் என் கதிரையும் ஒரே நேரத்தில் ஏற முடியாது. நானா குழம்பிப்போய் நின்றார்.

"நீங்க உம்மாவக் கொண்டு போங்க நானா. என்னப் பொறவு தூக்கச் சொல்லுங்க."

"நாலு பொடியன்மார இப்பவே அனுப்புறன் தம்பி. நீ ஆயத்தமா இரி."

தொப்பியை நேராக்கிக்கொண்டு வாசலில் இருந்தேன். லாயிலாஹ இல்லல்லாஹ் என்ற சத்தம் படியேறிப் பாதைக்குப் போய், வளைவில் திரும்பிக் குறைந்தது. கடைசிக் குடையும் போனது. ஆண் என்று அந்த வீட்டில் மிஞ்சியது நான் ஒருவன். சுற்றிவர மாமிமாரும் சாச்சிமாரும் தஸ்பீஹும். யாரும் வரவில்லை. நானா சொன்னவர்களை வேறு யாரோ சந்தூக்குக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள், மாஸ்டரைத் தூக்க வேறு ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். இது எல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது மழை மட்டும்தான்.

நானாவுக்குப் போன் பண்ணினேன். உள் அறையில் மணி அடித்தது. சாரத்துக்கு மாறியபோது கால்சட்டைப் பையிலேயே போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். விட்டேனா, மறுபடியும் அடித்தேன். அது மறுபடியும் உள் அறையிலேயே அடித்தது.

மாமி வந்து தோளில் கை வைத்தார். "அழ வேணாம் மகன். இங்கேயிருந்து துஆ செய்ங்க. துஆவுக்குப் படி ஒண்ணும் இல்ல."

"துஆவுக்கு இல்ல மாமி, எனக்கு ஈக்கே!" என்று கத்திவிட்டேன். மையித்து வீட்டில் அப்படிக் கத்தக் கூடாது. எல்லாப் பெண்களும் ஓதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். படியின் நடுவில் நேர்ச்சைக் கிடா மழையில் நனைந்துகொண்டு நின்றது.

கபுறில் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவார்கள். ஊரே போட்டது. பஸ் கண்டக்டர் போட்டாராம், எங்களோடு கோபமாயிருந்த பக்கத்து வளவுக்காரர்கூடப் போட்டாராம். நானா கையில் மண்ணை எடுத்த பிறகுதான் என்னைத் தேடித் திரும்பிப் பார்த்திருக்கிறார். சேறும் சகதியுமாகப் படியில் இறங்கி வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "தம்பி, தம்பி" என்றார். அவர் கைச்சேறு என் சாரத்தில் பட்டது. என் காலுக்கு அது தெரியவில்லை.

நாற்பதாம் கத்தம் ஓதி முடிந்த கையோடு நானா பாஸைக் கூட்டி வந்தார். யாரும் தடுக்கவில்லை. வாப்பா கட்டிய கல்லை அலவாங்கால் நெம்பும் சத்தம் ஒரு கிழமை கேட்டது. எத்தனை லேசாக முடிந்துவிட்டது அந்த வேலை! கொங்கிரீட் போட்டு, கைப்பிடிக் கம்பியும் வைத்தார்கள். நேர்ச்சையை என்ன செய்வதென்று பள்ளி மௌலவியிடம் கேட்டோம். சொன்ன காரியம் நடக்கவில்லை, நேர்ந்தவரும் இல்லை, அதனால் கடமை இல்லை, ஆட்டை உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார். விருப்பம் யாருக்கு வரும்? அது இன்னும் இருக்கிறது. தாடி வைத்துக் கிழடாகிவிட்டது, கிட்டப் போக முடியாத நாற்றம். புதுப் பாதையை அது ஒரு நாளும் மதித்ததில்லை. மிச்சமிருக்கும் பழைய படியில் ஏறி, கடைசியில் ஒரு பாய்ச்சல் பாய்ந்து பாதைக்குப் போய்விடும்.

முதன்முதலில் நான் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை. முதல் திருப்பம் வரை சில்லை நானே உருட்டினேன். உள்ளங்கை எரிந்தது. இரண்டாவதில் நானா தள்ளினார். பாதைக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. எங்கள் வீட்டுப் படிக்கட்டைத் திட்டிய எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். ஜும்ஆ முடிந்து மையவாடிக்குப் போனோம். சந்தூக் நுழைவதற்காக அந்தக் கேட்டை அகலமாக வைத்திருக்கிறார்கள். கதிரை இலகுவாக உள்ளே போனது.

உம்மாவின் தலைமாட்டு மீசான் கல்லைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. என்னால் குனிந்து மண் எடுக்க முடியவில்லை. நானா நகத்தால் சுரண்டி, என் உள்ளங்கையில் வைத்தார். போட்டேன். மறுபடி வைத்தார், போட்டேன். மூன்றாவதையும் போட்டேன். காய்ந்த மண், புல்லின் மேலேயே கிடந்தது. அது அன்றைக்குப் போட வேண்டிய மண் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய் நின்றார்.

இப்போதும் ஆராய்ச்சி பற்றி வாசிக்கிறேன். யாரோ எங்கோ அந்த வாயை மூடப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "இன்னம் இல்ல" என்றுதான் சொல்கிறேன். சொன்னதும் குசினிக் கதவில் கரண்டி தட்டுமா என்று காது போகிறது. வகுப்பைக் கட்டுகஸ்தோட்டைக்கு மாற்றிய பிறகும் போகிறது.

அன்று மையவாடியில் ஸலாம் சொன்னேன். "வந்துட்டன் உம்மா" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "நடந்தா மகன் வந்த?" என்றுதான் கேட்பார்.